குழாயைப் பூட்டிய வீடு

மிளகாய்ச் செடியை அவள் லேசாகத்தான் தொட்டாள். வேரோடு கையில் வந்துவிட்டது. வேர் என்று சொல்ல அதில் மிச்சம் ஒன்றுமில்லை. நாலைந்து பழுப்பு நூல்கள். பல நாள் வாளியில் ஊறிக் கிடந்த துணியின் வாடை. முந்தைய வாரம் தக்காளிச் செடிகள் இரண்டு இப்படித்தான் சரிந்தன. பூச்சி விழுந்துவிட்டது என்று நினைத்து மருந்து வாங்கி அடித்தாள். இப்போது பாத்தி முழுக்கச் சேற்றில் பதிந்திருந்த செருப்புத் தடங்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

கணவர் எலுமிச்சை மரத்தடியில் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விடிந்ததும் ஒரு முறை ஊற்றினார். காப்பி குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு சீருடைச் சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் மறுபடியும்.

"காலையிலேயே ஊத்திட்டீங்களே."

"யாரு, நானா? இப்பத்தானே வர்றேன்" என்றார். முகத்தில் பொய்யின் சாயல் துளியும் இல்லை.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். பவர் பார்த்து, சில்லு தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது வரை எல்லாம் அவர் கைதான். ஒரு நாள் வாத்தியார் ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, வலது கண்ணுக்குப் போடவேண்டிய சில்லு இடது பக்கம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த மாதம் அதே போல இன்னொன்று. இரண்டாவது ஆள் சிரிக்கவில்லை. கடையை மூடச் சொல்லி யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவராகவே ஷட்டரை இறக்கிவிட்டு வந்து சாவியை அவள் கையில் கொடுத்தார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கையில் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால் அவள்தான் அந்தச் சின்ன இடத்தைக் கொத்தி, செம்மண் அடித்து, நாற்று வாங்கி வைத்தாள். செடி வளர்ப்பதில் அவளுக்கு அதற்கு முன் ஆசை இருந்ததே இல்லை. தோட்டமே அவருக்காக வந்ததுதான்.

முதல் வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகுதான் ஊற்றியது மறந்து ஊற்ற ஆரம்பித்தார். மொட்டை மாடித் தொட்டி ஒன்றுதான். கீழே இவர்களும் மாடியில் குடியிருந்த கண்டக்டரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். ஒரு நாள் கண்டக்டர் தலை நிறைய சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு, படியில் பாதி தூரம் இறங்கி வந்து நின்றார்.

"அக்கா, தண்ணி நின்னுபோச்சு. இது எத்தனாவது தடவைன்னு எண்ணுறதையே நான் விட்டுட்டேன். சாரை ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு சொம்பு மட்டும் குடுங்க, கண்ணு எரியுது."

அவள் சிரித்தபடிதான் சொம்பை நீட்டினாள். அவர் மேலே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் செய்தாள்.

மகள் அந்த வார விடுமுறைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி, தோளில் வளையமாகச் சுற்றிய கறுப்புக் குழாய். அப்பாவைச் சலூனுக்கு அனுப்பிவிட்டு இருவரும் வேலையில் இறங்கினார்கள். பெட்டியில் இருந்தது டைமர். குழாயின் வாயில் திருகிவிட்டு நேரம் வைத்தால் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். கறுப்புக் குழாய் தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அதன் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மகள் அதை ஒவ்வொரு செடியின் அடியிலும் வளைத்து வளைத்துக் கொண்டுபோய், மேலே சருகைப் போட்டு மூடினாள். டைமரை ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. அம்மா சருகை விலக்கினாள். வெயிலில் நடந்து வந்தவனின் கழுத்தைப் போலக் குழாய் வியர்த்திருந்தது. சுற்றியிருந்த மண் மெல்ல நிறம் மாறியது.

"பாத்தியாம்மா, ஒரு சொட்டு வீணாகாது. நாம யாரும் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்."

"அப்பா என்ன செய்வாரு?"

"ரெஸ்ட் எடுக்கட்டுமே. இத்தனை வருஷம் உழைச்சது போதாதா?"

மகள் பழைய டியூபைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

சலூனிலிருந்து வந்தவர் நேராகக் குழாயடிக்குத்தான் போனார். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு திருகினார். தண்ணீர் வரவில்லை. குழாயின் வாயில் புதிதாகத் தொங்கிய பொருளைக் குனிந்து பார்த்தார், கடையில் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.

"தண்ணி வரலையே."

"அதுவே ஊத்திக்கும்பா. நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

"அதுவேவா?" என்றார். "பரவாயில்லையே." வாடிக்கையாளர்களிடம் காட்டும் சிரிப்பை மகளிடம் காட்டிவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து மறுபடி வந்து திருகிப் பார்த்தார்.

தோட்டம் தழைத்தது. அதை மறுக்க முடியாது. தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. போன வருடம் பூக்காத ரோஜாகூட மொட்டு விட்டது. கண்டக்டர் நிம்மதியாகக் குளித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, உங்களுக்கு நல்ல கைராசி என்றார்கள். அவள் தலையாட்டினாள். கணவர் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில சமயம் எழுந்து திருகைத் திறப்பார், மூடுவார், திறப்பார். "தண்ணி வரலையே" என்பார். முதலில் விளக்கிச் சொன்னாள். பிறகு, "வரும், வரும்" என்றாள். அதற்கும் பிறகு மெஷினை நிறுத்தாமலேயே "ம்" என்றாள். பள்ளி திறக்கும் காலம். சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து கிடந்தது. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்பதை அவள் கவனித்தபோது, எப்போது நிறுத்தினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்துபோகும் பழக்கமும் போயிருந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, அப்படியே இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வெளியே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. கேட் திறந்து கிடந்தது.

கண்டக்டர் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். அவள் நடந்தாள். மளிகைக் கடையில் கேட்டாள், சலூனில் கேட்டாள். மூடிக்கிடந்த பழைய கடை வரை போய்ப் பார்த்தாள். அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். திரும்பும்போது பின் தெருவழியாக வந்தாள். கால் இழுத்தது. ஈர மண்ணின் வாசனைதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு வீட்டின் இரும்புக் கிராதிக்கு உள்ளே அவரைப் பார்த்தாள். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சை டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, யாரோ ஒருவருடைய செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன.

அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். நடுத்தர வயது.

"உங்க வீட்டுக்காரரா? உள்ள வாங்க. நாலஞ்சு நாளா வர்றாருங்க. செடி வாடியிருக்கே, ஊத்தட்டுமான்னு கேட்டாரு. எனக்கும் காலை ஷிப்டு முடிச்சுட்டு வந்து ஊத்த முடியறதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வர்றாருன்னு இருந்துட்டேன். காசு குடுத்தா வாங்க மாட்டேங்குறாரு."

நாலைந்து நாளாக. மெஷினின் சத்தத்துக்கு அந்தப் பக்கம், அவர் நாற்காலியில்தான் இருக்கிறார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. தன் வீட்டுப் பாத்திரத்தை இன்னொருத்தி வீட்டு அடுப்பில் பார்த்ததுபோல ஒரு கசப்பு. பக்கத்தில் போய், "என்னங்க, வாங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இருங்கம்மா, இந்த ஓரம் மட்டும் பாக்கி. முடிச்சிடுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபத்திலும் நீ, காய்ச்சலில் பிதற்றும்போதும் நீ. டாக்டர் இது ஒரு நாள் வரும் என்று சொல்லியிருந்தார். வந்தால் கூச்சலும் குழப்பமுமாக வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இப்படி மரியாதையாக வரும் என்று நினைக்கவில்லை.

"உங்க வீட்டுக்குத்தான் கூப்பிடுறேன்" என்றாள்.

"எங்க வீட்டுல குழாயைப் பூட்டி வச்சிருக்காங்கம்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க ஒரு அம்மா இருக்காங்க. குறை சொல்லக்கூடாது, நல்ல மாதிரி. நேரத்துக்குச் சாப்பாடு போடுறாங்க. ஆனா எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லம்மா. சும்மா உக்காந்து எத்தனை நாள் சாப்பிடுறது?"

செம்பருத்தியடியில் தண்ணீர் நிரம்பிக் குழி வழிந்தது. அவர் டியூபை அடுத்த செடிக்கு மாற்றிவிட்டு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஒரு கணம், தன்னைத் தெரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"கண்ணாடி கோணலா இருக்கேம்மா. இடது பக்கம் இறங்கியிருக்கு. இப்படிப் போட்டா தலைவலி வரும்."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். காதில் மாட்டும் காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, ஒடிந்துவிடாத பக்குவத்தில் வளைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி அவள் காதோரத்து முடியை விலக்கி மாட்டிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது" என்றாள். எதுவுமே தெரியவில்லை.

அந்த வீட்டுப் பெண் உள்ளே போய்விட்டிருந்தாள். இவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"எங்க வீட்டுத் தோட்டத்துக்கு ஆள் இல்ல. வந்து ஊத்துவீங்களா?"

அவர் யோசித்தார். "தண்ணி வருமா?"

"வரும்."

"டியூப் இருக்கா?"

"இருக்கு. பரண்ல இருக்கு. எடுத்துத் தர்றேன்."

குழாயை மூடினார். டியூபில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்துச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். உள்ளே பார்த்து, "அம்மா, நாளைக்கு வரலைன்னா கோவிச்சுக்காதீங்க, வேற இடத்துல கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் அவளுக்கு இரண்டு எட்டு பின்னாலேயே நடந்தார். அவள் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார்.

டைமர் லேசில் கழலவில்லை. பிசுபிசுத்து இறுகிப்போயிருந்தது. கண்டக்டர் திரும்பி வந்து குறடு வைத்துக் கழற்றிக் கொடுத்தார். சருகுக்கு அடியிலிருந்து கறுப்புக் குழாயை இழுத்தபோது மெல்லிய வேர்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன, பட்பட்டென்று அறுந்தன. "நான் காலையில ரெண்டு பக்கெட் பிடிச்சு வச்சுக்கிறேன்க்கா. அவரு ஊத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் மேலே போனார்.

மகள் போனில் கத்தினாள். "அம்மா, மறுபடியும் எல்லாம் அழுகிடும்மா. வாரத்துக்கு ரெண்டு செடி போகும்."

"போகட்டும். கடையில நாத்து கிடைக்கும், வாங்கி வச்சுக்கலாம்."

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றாள் மகள்.

"தோட்டத்துல இருக்காரு. இப்ப வேண்டாம், வேலையா இருக்காரு."

தக்காளிதான் முதலில் போனது. பிறகு ரோஜாவின் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. அழுகிய செடியைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியிலேயே அவள் புதிதாக ஒன்றை வைத்தாள். அவர் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அல்லது கண்டுபிடித்து மறந்துவிட்டார். சில நாள் காலையில் 'நீ' என்று கூப்பிட்டார். அன்று அவள் இரண்டு முறை காப்பி போட்டாள். பல நாள் 'அம்மா' என்றார். வேலை முடிந்ததும் முற்றத்தில் நின்று, வேறு ஏதாவது செய்யணுமா என்று கேட்டார்.

சீருடை வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம். வெளிச்சம் போவதற்குள் பொத்தானுக்குக் காஜா எடுத்துவிடலாம் என்று சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பில்லாத கால்கள் மண்ணில் இருந்தன. அவர் வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். மிளகாய், கத்தரி, ஒன்றும் முளைக்காத குழி, எலுமிச்சை. வரிசை தீர்ந்து படியருகே வந்தபோது நின்றார். குனிந்து, தண்ணீரின் வேகத்தைக் கட்டைவிரலால் குறைத்து, அவள் பாதங்களின்மேல் விட்டார். மற்றச் செடிகளுக்கு விடும் அளவுக்கு, மண் குழைந்து விரல்களுக்கு நடுவே ஏறும்வரை, பொறுமையாக விட்டார். அவள் மடியிலிருந்த துணியை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். காலை நகர்த்தவில்லை.