வில்க்கே மாஸ்டரின் நாலாவது தேர்தல்

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஜீவரத்தினத்தின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஜெர்மன்காரர். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் தெருவிலிருந்த தமிழ்ச் சனம் அவரை வில்க்கே மாஸ்டர் என்றே கூப்பிட்டது. சொந்த ஊரைப் பற்றித் தலையணைத் தடிமனில் இரண்டு சரித்திரப் புத்தகம் எழுதியிருந்தார். வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த ஊரில் லிபரல் கட்சிக்காக மூன்று முறை தேர்தலில் நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவர். பிறகு இங்கிலாந்து மனைவியோடு லண்டனுக்கு வந்து இல்ஃபோர்டில் படிப்பித்தார். மனைவி போய்ச் சேர்ந்தும் தேர்தல் ஆசை மட்டும் போகவில்லை. ஐரோப்பியக் குடிமக்களும் கவுன்சிலுக்கு நிற்கலாம் என்பதுதான் சட்டமாயிற்றே. 2006ஆம் ஆண்டு, எழுபது தாண்டிய வயதில், லிபரல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார்.

“இதுதான் கடைசி எண்டு சொல்லுறார். இதிலயும் தோத்தால் மனுசன் உடைஞ்சுபோவார்,” என்று ஜீவரத்தினம் மனைவி பாலாம்பிகையிடம் சொன்னார். குடியுரிமைப் பரீட்சைக்கு ஜீவரத்தினத்தை விடாமல் உருப்போட வைத்துப் பாஸாக்கியது மாஸ்டர்தான். அந்த நன்றி இருக்காதா? “எங்கட சனத்தின்ர வோட்டு முழுக்க உங்களுக்குத்தான் மாஸ்டர்,” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் தெருவில் எத்தனை வோட்டு என்று எண்ணத் தொடங்கினார்.

இரண்டு பேரும் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். மாஸ்டருக்கு வோட்டுக் கேட்கத் தெரியாது. இந்தத் தெரு ஒரு காலத்தில் யாருடைய வயலாக இருந்தது என்று ஆரம்பித்துவிடுவார். வோட்டு என்ற சொல்லை ஜீவரத்தினம்தான் நடுவில் செருகவேண்டும். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, வடை, “ஓம் ஓம், கட்டாயம்.” மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

எதிர்த்து நின்றவர்களில் மிஸிஸ் கார்ட்டர் என்று ஒரு பெண்மணி. அவரும் மழையில் நனைந்துகொண்டு அதே வீடுகளுக்கு வந்தார். அவருக்கும் தேத்தண்ணியும் வடையும் கிடைத்தன.

அந்த வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். அதனால் ஆளுக்கு மூன்று வோட்டு. மாஸ்டரின் கட்சியில் அவர் ஒருவர்தான் நின்றார். “ஒண்டை மாஸ்டருக்குப் போடுங்கோ,” என்று ஜீவரத்தினம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். மற்ற இரண்டையும் போடாமல் விடுங்கோ என்று சொல்ல அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை.

தேர்தலுக்கு மறுநாள் முடிவு வந்தது. மூன்றாவது இடம் மிஸிஸ் கார்ட்டருக்கு. மாஸ்டர் நாலாவது. திரும்ப எண்ணிப் பார்த்தும் வித்தியாசம் ஒரேயொரு வோட்டுத்தான்.

“ஆர் அந்த ஒரு ஆள்?” என்று ஜீவரத்தினம் குசினிக்குள் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தார்.

“நான் மாஸ்டருக்குப் போட்டனான்,” என்றாள் பாலாம்பிகை. “மற்றது வீணாப் போகுதெண்டு கார்ட்டர் மனுசிக்கும் ஒண்டு போட்டனான். மழையில நனைஞ்சு வந்தவ, பாவம். ஏன், போடக்கூடாதே?”

ஜீவரத்தினம் உடனே எதிர்வீட்டுச் சற்குணத்துக்குப் போன் போட்டார். “வீடு தேடி வந்த மனுசியை வெறுங்கையோட அனுப்பேலுமே அண்ணை?” என்றான் சற்குணம். விசாரித்த இடமெல்லாம் இதே கதை. தெரு முழுக்க மாஸ்டருக்கு ஒன்று போட்டுவிட்டு, அவரைத் தோற்கடிக்கவும் ஒன்று போட்டிருந்தது.

மாஸ்டரின் முகத்தில் எப்படி முழிப்பது? ஜீவரத்தினம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பாலாம்பிகைதான் அவரை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

“மாஸ்டர், நாங்கள் உங்களுக்கும் போட்டம், அவவுக்கும் போட்டம்,” என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சுற்றிவளைக்காமல் சொன்னாள். “நீங்கள் தோத்தது எங்களாலதான்.”

மாஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“பழி முழுவதையும் நீங்களே சுமக்காதீர்கள். எனக்கும் மூன்று வோட்டு இருந்தது.”

“ஆருக்குப் போட்டனீங்கள்?” என்று கேட்டார் ஜீவரத்தினம்.

“ஒன்று எனக்கு. இன்னொன்று மிஸிஸ் கார்ட்டருக்கு. நூலகத்தைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசினார், என்ன செய்வது?”

ஜீவரத்தினம் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். “அப்ப அந்த ஒரு வோட்டு...”

“என்னுடையதாகவும் இருக்கலாம்,” என்றார் மாஸ்டர். அவருடைய முகத்தில் துளி வருத்தமும் இல்லை. “ஆனால் ஒன்று சொல்கிறேன், ஜீவா. இருபத்தொரு வயதிலிருந்து வோட்டுப் போடுகிறேன். நான் வோட்டுப் போட்ட ஒருவர் ஜெயித்தது இதுதான் முதல் தடவை.”