மூச்சில் வைத்த பிரேக்பாயிண்ட்

மாமாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு மனுஷன் வேலை பார்க்க முடியுமா? பகலில் என் மனைவி ஆபீஸ் போய்விடுவாள். வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறவன் என்பதால், படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்வது என் பாடு. லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போகிறேன் என்பது அவளுடைய ஓயாத புகார். கண்ணில் பட்டால் மூடிவிட்டுத்தான் மறுவேலை.

மாமாவின் நெஞ்சில் ஒரு பெல்ட். அது அவர் மூச்சை உணர்ந்து லேப்டாப்புக்கு அனுப்பும். அதை எண்ணிக் காட்டும் வெப் பக்கத்தை நான்தான் எழுதினேன். ஆனால் ஒரு மூச்சை இரண்டாக எண்ணித் தொலைத்தது. தப்பைப் பிடிக்க, பக்கத்தை எழுதப் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்குக்கான டீபக் எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் போட்டேன். ஐகான் வெளிறிப்போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மண்டை காய்ந்த பிறகுதான், பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கான டெவலப்மென்ட் மோடில் ஓட்டவில்லை என்பது உறைத்தது. மாற்றினேன். ஐகானுக்கு உயிர் வந்தது.

மூச்சு எண்ணிக்கை கூடும் வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். அந்த வரி வந்ததும் பக்கம் அப்படியே நிற்கும். உள்ளே நடப்பதை ஆற அமரப் பார்க்கலாம். பக்கம் நின்றது. அடுத்த அறையில் குறட்டையும் நின்றது.

அப்பாடா என்று காபி போடப் போனேன். குடித்து முடித்தும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். மாமாவின் கண் திறந்திருந்தது. தண்ணீர் கேட்கத் தூக்கிய விரல் அந்தரத்தில் நின்றது. நெஞ்சு அசையவில்லை. உலுக்கினேன்; உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுக்க ஓடியபோது திரை கண்ணில் பட்டது. ஏனென்று தெரியாது, நின்ற பக்கத்தைத் தொடர்ந்து ஓடவிடும் பட்டனை அமுக்கினேன்.

அடுத்த அறையில் ஒரே ஒரு மூச்சு. மறுபடி நிசப்தம். இன்னொரு தடவை அமுக்கினேன். இன்னொரு மூச்சு. பிரேக்பாயிண்ட்டை எடுத்தேன். மூச்சு தானாக ஓடத் தொடங்கியது.

"நடுவுல எங்கயோ என்னை நிறுத்தி வெச்சுட்டுப் போயிட்டீங்களே மாப்ள" என்றார் மாமா.

பயந்துபோனேன். பெல்ட்டைக் கழற்றத் துணிவு வரவில்லை. லேப்டாப்பை சார்ஜில் போட்டு, தானாக அணையாதபடி செட்டிங்கை மாற்றினேன். அதைத் தொடாதே என்று மனைவிக்கு மெசேஜ் அனுப்பினேன். அதற்குள் சாயங்காலமாகி, அவள் ஆபீஸிலிருந்து கிளம்பியிருந்தாள். வண்டி ஓட்டும்போது போனைப் பார்க்க மாட்டாள்.

மாமாவின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறந்தது. பையை வைக்கும் சத்தம்.

"மறுபடியும் தொறந்து போட்டிருக்கீங்களா?"

தொடாதே என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் லேப்டாப் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டுவிட்டது. மாமா விழுங்கிக்கொண்டிருந்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.