வண்டு தொடாத பயறு

அண்ணி அனுப்பிய தட்டைப்பயறில் மட்டும் வண்டு இறங்கவில்லை. விதைப் பரிசோதனைக்கூடத்தில் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களில் மற்ற ரகங்கள் எல்லாம் சல்லடையாகிவிட்டன. அண்ணியின் சிவப்புத் தட்டை மட்டும் மினுமினுவென்று அப்படியே இருந்தது. அதில் விட்ட வண்டுகள் அடியில் செத்துக் கிடந்தன.

அந்தச் சோதனையைச் செய்தவன் அவள் கொழுந்தன். பாட்டிலில் வண்டு வளர்ப்பதுதான் உத்தியோகம் என்பதால் அவனுக்கு 'வண்டு டாக்டர்' என்று பேர் விழுந்திருந்தது. அண்ணி அனுப்பிய அதே பையிலிருந்து எடுத்து இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தான். அதே முடிவுதான். வண்டைத் தாங்கும் ரகம் என்று அலுவலகத்தில் அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அண்ணியிடம் விதை வாங்கி அதையே விதைத்தார்கள்.

அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் போன் செய்தான்.

"டேய் டாக்டர், உடனே கிளம்பி வாடா. உன் பிள்ளைங்க எல்லாம் எங்க வீட்டுல குடித்தனம் வந்துட்டாங்க."

போய்ப் பார்த்தால் மூட்டை அடுக்கிய அறையில் சுவரெல்லாம் வண்டு. அவன் ஒரு கை பயறை அள்ளினான். பாதியில் ஓட்டை. மீதியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருந்தது.

"அண்ணி, எனக்கு அனுப்பினது இதே பயறுதானே?"

"இதேதான் தம்பி. நல்லதா பொறுக்கி, ஒரு கை எண்ணெய் விட்டுப் புரட்டி அனுப்பினேன்."

"எண்ணெயா?"

"பின்ன? ஆபீஸ்ல நாலு பேர் பாக்கறப்ப வண்டு ஓடினா எனக்குல்ல அசிங்கம்?"

"இந்த வருஷம் ஏன் பூசல?"

"நீங்கதானே வண்டு தொடாதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு எண்ணெய்க்குக் கேடுன்னாரு உங்க அண்ணன்."

"ஆமா, எல்லாப் பழியையும் என் தலையில கட்டு" என்றான் அண்ணன். "ஏன்டா, இப்ப பூசினா கேக்காதா?"

"முட்டையா இருந்தா கேக்கும். பாதி பொரிஞ்சு, புழு பயறுக்குள்ள போயிடுச்சுண்ணே."

"வெயில்ல காயப் போட்டா?"

மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மழை விடுகிற மாதிரி இல்லை. அடுத்த விதைப்புக்கு அந்தத் தெருவில் யார் வீட்டிலும் வேறு விதை கிடையாது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "அக்கா, டாக்டர் வந்துட்டாராமே! எங்க மூட்டையையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க."

"வருவாரு, வருவாரு. இப்பதான் வந்திருக்காரு, கை கால் கழுவட்டும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி கதவைப் பாதி சாத்தினாள்.

பிறகு ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார்கள். எதுவும் தேறவில்லை. மூலையில் ஒன்று மட்டும் மிச்சம். அவன் கயிற்றில் கை வைத்ததும் அண்ணி குறுக்கே வந்தாள்.

"அது வேணாம் தம்பி. கடைசியா காய வச்சுக் கட்டினது. அது நல்லாத்தான் இருக்கும்."

அவன் கயிற்றை விட்டுவிட்டு மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தான். மழைக் குளிரில் அறையே சில்லிட்டுக் கிடந்தது. மூட்டை வெதுவெதுவென்றிருந்தது. காய்ந்த பயறு தானாகச் சுடாது, உள்ளே வண்டு பெருகினால்தான் சுடும் என்பது அவனுக்குத் தெரியும்.

"என்னடா?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப இதை விதைக்கு வச்சுக்கலாம்ல, தம்பி?" என்றாள் அண்ணி. "ஆளுக்கு ஒரு படின்னு குடுத்தாக்கூட எல்லாருக்கும் வரும்."

அவன் கையை எடுக்காமல் நின்றான்.