அப்படி ஒருவர் இல்லை

வெளிநாட்டுப் பத்திரிகைகளை மொழிபெயர்க்கும் மேசையில் சேர்ந்தவர், முப்பத்திரண்டு வருஷத்தில் படிப்படியாக உயர்ந்து உளவுத்துறைத் தலைவரானார். உயர உயரப் பேச்சுத்துணைக்கு ஆள் குறைந்தது. கடைசியில் மிஞ்சியது மனைவியின் தம்பி ஒருவன்தான். அவனைத் துறையில் சேர்த்துவிட்டதே இவர்தான். வீட்டுக்குள் நுழையும்போதே, "அத்தான், இன்னிக்காவது சிரிச்சீங்களா, இல்ல அதுவும் ரகசியமா?" என்பான்.

அவனை வேறு பெயரில், மர வியாபாரியாக, பக்கத்து நாட்டுக்கு அனுப்பினார். இரண்டாம் வருஷம் மாட்டிக்கொண்டான். "இவர் உங்கள் ஆளா?" என்று அந்த நாடு கேட்டு எழுதியது. ஆமாம் என்றால் அதே மர வியாபாரப் போர்வையில் அங்கிருக்கும் மற்ற ஒன்பது பேரின் உயிரும் போகும். 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதி, மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டார்.

"தம்பி ஏன் போனே பண்ண மாட்டேங்கிறான்?" என்றாள் மனைவி.

"மரம் வாங்கக் காட்டுக்குள்ள போயிருப்பான். சிக்னல் கிடைக்காது."

பொய்யே பிழைப்பாகிப்போனவர், அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நாலு வருஷம், மனைவிக்கு ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு, அந்த நாட்டோடு சத்தமில்லாமல் பேசிப் பேசி, கைதிகள் பரிமாற்றத்தில் அவனையும் சேர்த்தார். அவன் வருவதற்கு முந்தின நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே," என்றாள்.

விமான நிலையத்தில் அவன் பாதி ஆளாக வந்து நின்றான். முன்பல் இரண்டு இல்லை.

"நீங்க எழுதினதை விசாரணை ரூம்ல எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, அத்தான். நானா இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்."

"வீட்டுக்கு வாப்பா."

"வேணாம். கோபமெல்லாம் இல்ல. உங்க முகத்தைப் பாத்தா அந்த ரூம் ஞாபகம் வருது."

தம்பியைக் கவனித்துக்கொள்ள மனைவி அவனோடு போய்விட்டாள். அடுத்த மாதம் இவர் ஓய்வுபெற்றார். பூட்டிய அறையில் ஆறு பேர் கைதட்டினார்கள். போட்டோ எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி போன் செய்வாள். "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." "சாப்பாடு?" "ஆச்சு." பேச்சு அதோடு தீர்ந்துவிடும். அவளுக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்கும். இன்னொரு தரம் இருமுவானா என்று, வேண்டாத எதையாவது கேட்டுக்கொண்டே, போனை வைக்கவிடாமல் அவளை நிறுத்தி வைப்பார்.