பத்து மணிக் கலியாணம்

கண்டியில் அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் வீட்டுக் கலியாணம் காலை ஏழு மணிப் பூசையோடு முடிந்துவிடும். நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து நன்மை என்னும் நற்கருணை வாங்க வேண்டும். அதற்குமேல் எந்த மாப்பிள்ளை வீட்டார் பசி தாங்குவார்கள்? அப்படியிருக்க, 1933 தை மாதம், மஹய்யாவ பகுதி ஐரினுக்கும் பேராதனை ஸ்டேஷன் யாகப்பருக்கும் காலை பத்து மணிக்குக் கலியாணம் என்று கோவிலில் கலியாண ஓலை வாசித்தபோது சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

காரணம் ஐரினின் மூட்டுகள். இருபத்தைந்து வயதில் விரல் கணுக்களில் தொடங்கிய வீக்கம், எட்டு வருடத்தில் மணிக்கட்டு, முழங்கால், தாடை என்று எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது. முடக்குவாதம் என்றார் டாக்டர். பகலில் அதை ஒருவிதமாகச் சமாளித்துவிடுவாள். விடியற்காலைதான் பொல்லாதது. கண் விழித்தாலும் உடம்பு விழிக்காது. விரல்கள் மடங்கினது மடங்கினபடி, கால்கள் நீட்டினது நீட்டினபடி, வாயைக்கூடச் சரியாகத் திறக்க முடியாமல் கிடப்பாள். வெந்நீரில் கையை வைத்து, உப்பு ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு மூட்டாகக் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பினால் ஒன்பதரைக்கு நடமாடத் தொடங்குவாள்.

அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதாளா என்றால், அதுதான் இல்லை. ஊரெல்லாம் காலையில் ஆப்பம் சுட்டது. ஐரின் பின்னேரம் சுட்டாள். "காலையில என் கை கடை தொறக்காது, நாலு மணிக்கு வாங்க" என்பாள். ஆப்பத் தாச்சியின் இரண்டு காதுகளிலும் தடிப்பாகத் துணி சுற்றி, விரலை நம்பாமல் முழங்கையால் சுழற்றுவாள். வேலை விட்டு வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் சுடச்சுட ஆப்பம் வேறு யார் கொடுப்பார்கள்? அவள் வாசலில் எப்போதும் சனம் நின்றது.

அந்தச் சனத்தில் ஒருவர்தான் யாகப்பர். ரயில் பாதை மாற்றுகிற வேலை. கதவுக் கொண்டியோடு ஐரின் மல்லுக்கட்டுவதை ஒருநாள் பார்த்தவர், மறுநாளே முழ நீளத்தில் ஒரு மரப்பிடி கொண்டுவந்து அதில் பொருத்தினார். "அவ்வளவு பெரிய தண்டவாளத்தையே இப்பிடித்தான் நகத்துறோம். இந்தக் கொண்டி என்ன பெரிய ஆளா?" என்றார். அடுத்த மாதம் பெண் கேட்டார். பங்குச் சாமியாரிடம் வாதாடிப் பத்து மணி வாங்கியதும் அவர்தான். ஐரினுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அதை அவள் யாருக்கும் மறைக்கவில்லை.

மறைத்தது வேறொன்று. தாயில்லாத யாகப்பரை வளர்த்தவள் வத்தேகமவில் இருந்த அக்கா தெரேசா. அவள் வேண்டாமென்றால் அவர் மீறமாட்டார். கட்டினவன் போன நாளிலிருந்து நாலு மணிக்கு எழும்பி வேலை பார்க்கும் தெரேசாவுக்கு, பொழுது விடிந்தும் படுத்திருப்பது கிட்டத்தட்டச் சாவான பாவம். கோணல் விரல்களைப் பார்த்து முகம் சுளித்தாலும் கலியாணத்துக்குச் சரி என்றிருந்தாள். விடியற்காலைக் கதையும் தெரிந்தால் கலியாணம் நின்றே போகும் என்று ஐரின் பயந்தாள். "முடியட்டும், பிறகு நானே சொல்றேன்" என்று யாகப்பரின் வாயையும் அடைத்துவைத்தாள்.

ஒன்பதரைக்குக் கூறைச் சேலையோடு வரவேண்டிய தெரேசா, பிந்திவிடுமோ என்ற பதற்றத்தில் முதல் ரயிலேறி ஆறரைக்கே வந்துவிட்டாள்.

பனி கொட்டிய காலை. தனியாக இருந்த ஐரினுக்கு அன்றாடம் வெந்நீர் வைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு றம்லத் அப்போதுதான் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தெரேசா கண்டது, மார்பின்மேல் விறைத்துச் சுருண்ட இரண்டு கைகளை. "ஐரின்! அடி ஐரின்!" அக்கா என்று சொல்லப் பார்த்தாள் ஐரின். மூக்கால் ஒரு முனகல்தான் வந்தது.

தெரேசா வைத்த ஒப்பாரியில் மஹய்யாவ முழுக்க விழித்துக்கொண்டது. இரண்டு வீடு தள்ளியிருந்த அம்புறோஸ் உபதேசியார், எந்தச் சாவுக்கும் பிந்திப் போய்ப் பழகாதவர், கோவிலுக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் அவர் முன்னால் மணியடித்துவர, அவஸ்தைப் பூசுதலுக்கான எண்ணெயோடு சாமியார் வந்தார். தெருவில் மெழுகுதிரியோடு முழங்காலில் நின்ற சனம் சாகிறவர்களுக்கான செபத்தைத் தொடங்கியது.

ஐரினுக்கு எல்லாம் கேட்டது. கலியாண நாளில் சாவுச் செபம்! அவளுக்குள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போது தெரேசா அவள் காதோரம் குனிந்து விம்மினாள்: "அந்தோனியாரே, இவள எழுப்பிவிடும். இனி இவளப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டு வயசுக்கு இப்பத்தான் என் தம்பி சிரிக்கிறான், அதப் பறிச்சிராதேயும்." கண்ணீர் ஐரினின் கன்னத்தில் சுடச்சுட விழுந்தது. சிரிப்பு போய்விட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது.

சாமியார் பெருவிரலை எண்ணெயில் தொடப்போனபோது, தன் வீட்டில் காய்ச்சிய வெந்நீர் வாளியோடு உள்ளே நுழைந்தாள் றம்லத்.

"யா அல்லாஹ்! யாரு என்ட புள்ளய மௌத்தாக்கினது? தள்ளுங்க, தண்ணி ஆறுது! ஒவ்வொரு நாளும் விடியக்காலம் இவ இப்பிடித்தான் சாமி. ஒன்பது மணி ஆகட்டும், நம்ம எல்லாரையும் வித்துட்டு வந்துருவா."

ஐரினின் கைகளை வெந்நீரில் அமுக்கினாள். தாடையில் சூட்டுத் துணி வைத்தாள். கடைசியில் வாய் மெல்லத் திறந்தது.

"சாமி... அந்த எண்ணெய் மூட்டு வலிக்குக் கேக்குமா?"

முதலில் சிரித்தவர் சாமியார். சிரிப்பு வாசலைத் தாண்டித் தெருவெங்கும் பரவி, சங்கதி முழுதாகத் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெண் சாகக்கிடக்கிறாள் என்று கேட்டு, முதல்நாளே வந்து தங்கியிருந்த கோவிலடியிலிருந்து ஒற்றைக் காலில் சப்பாத்தோடு ஓடிவந்த யாகப்பர் அந்தச் சிரிப்புக்கு நடுவே வந்து நின்றார்.

தெரேசா மட்டும் சிரிக்கவில்லை. "ஒனக்குத் தெரியுமா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"தெரியும்க்கா."

"தெனமுமா?"

"தெனமும்."

தெரேசா சேலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு சாமியாரைக் கேட்டாள்: "சாமி, சாகாதவளுக்கு வச்ச நேர்த்தி செல்லுமா?"

சாமியார் தாடியைச் சொறிந்தார். "எழும்பணும்னு கேட்ட, எழும்புறா. செல்லும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப கலியாணம் நடக்கட்டும். அந்தோனியாருக்குச் சொன்னத மாத்த மாட்டேன்."

யாகப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐரின் இத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"வேணாம் அக்கா," என்றாள். "மறைச்சது என் தப்பு. நீங்க வேணாம்னுருவீங்கன்னு பயந்துட்டேன். ஆனா நேர்த்திக்கடனா நான் வர மாட்டேன். என்னய பாருங்க. நாளைக்கும் இப்பிடித்தான் கெடப்பேன், அடுத்த வருசமும் இப்பிடித்தான். பத்து மணிக்கு மேல ஆப்பம் சுடுவேன், சிரிப்பேன், ஒங்க தம்பியோட சண்ட போடுவேன். இந்த ஆளு ஒங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. வேணாம்னாலும் என்கிட்டயே சொல்லிருங்க."

யாகப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். றம்லத் கண்ணைக் காட்டி அவரை அடக்கினாள். வாளிக்குள் ஐரினின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதையே தெரேசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருசமா நாலு மணிக்கு எழும்புறேன்," என்றாள் கடைசியில். "எழும்பி என்னத்தக் கண்டேன்? என் வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தன காலம்! நீ வாயத் தொறந்த ஒடனே தெருவே சிரிக்குது." பெட்டியை விட்டு இறங்கிக் கட்டிலருகே முழங்காலில் நின்றாள். "வேணும்டி. எனக்கு நீ வேணும். அந்தக் கையக் குடு, நான் தேச்சுவிடுறேன்."

ஐரின் அன்று முதல்முறையாக அழுதாள். ஆனந்தமாக அழுதாள்.

பத்து மணிப் பூசைக்குக் கூறைச் சேலையில் நடந்தே புறப்பட்டாள். தூக்கிப் போகக் கதிரை கொண்டுவந்தவர்களைத் தெரேசா விரட்டிவிட்டாள். சாவுக்கு வந்த சனம் ஏற்றின மெழுகுதிரியை ஏன் வீணாக அணைப்பது என்று இருபுறமும் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. அப்படியொரு ஊர்வலம் எந்தப் பணக்காரப் பெண்ணுக்கும் வாய்த்ததில்லை. கோவிலில் எல்லார் வயிறும் பசியில் இரைந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

யாகப்பர் தாலியின் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போடவேண்டியவை. தெரேசா ஐரினின் பின்னால் வந்து நின்றாள். நாலு மணிக்கே எழும்பி நாளெல்லாம் உழைத்த அந்தக் கைகளுக்கு அன்று முடிச்சு வரவில்லை. நூல் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

ஐரின் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"மெதுவாக் கட்டுங்க அக்கா," என்றாள். "அவசரமே இல்ல. நான் நல்லா நிப்பேன்."