இரண்டு விரல் அளவு

நைட்டியின் பக்கத் தையலைப் பிரித்து இன்னும் ஓர் அங்குலம் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தார் தையற்காரர். இரண்டு மாதத்தில் இது நாலாவது தடவை. ஊருக்கெல்லாம் டேப் வைத்து அளவெடுப்பவர், மனைவிக்கு மட்டும் அதைக் கையில் எடுப்பதை நிறுத்திவிட்டார். எண்ணைப் பார்த்தால் மனசு தாங்காது. எல்லாம் கண்ணளவுதான்.

"இன்னும் எத்தனை தடவைதான் பிடிப்பீங்க? கடைசில கைக்குட்டைதான் மிஞ்சும்," என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

"மிஞ்சினா மிஞ்சட்டும். பேசாம படு."

"அதுக்குத்தானே போறேன்."

அவர் எழுந்து, ஆக்ஸிஜன் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தடவிப் பார்த்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் வந்த டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளுக்கும் தெரியும். அவரைப் போட்டு அரித்ததெல்லாம் வேறொன்று. ஆறு நாளாகச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் முழுங்கிக்கொண்டிருந்தார்.

அது அவளுடைய வேலை சம்பந்தப்பட்டது. முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடும். அந்த வெளிச்சம்தான் செய்தியைக் கொண்டுபோகும். அந்த இழையைச் சர்க்யூட் போர்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கனெக்டரைச் சின்னதாக, வளைந்து கொடுப்பதாக வடிவமைப்பதுதான் இருபது வருஷமாக அவள் பாடு. கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "நீங்க ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறீங்கல்ல? நான் வெளிச்சத்துக்குக் கொக்கி வைக்கிறேன்," என்றாள். அதன்பிறகு துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார்.

கடைசியாக அவள் செய்தது சுண்டுவிரல் நகம் அளவுதான். பின்னால் ஒரு முழத்துக்கு நாடா மாதிரி ஒரு வால். இருந்ததே அந்த ஒரு மாதிரிதான். படுக்கையில் விழுந்த பிறகும் அதை வீட்டுக்கு வரவழைத்து, மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மருந்துத் தட்டு வைக்க இடம் ஒழித்தபோது, பரந்து கிடந்த அந்த வாலை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, நூலால் ஒரு கட்டுக் கட்டி, டப்பாவில் போட்டு மூடிவிட்டார். முப்பது வருஷமாக நூல் சுற்றிய கை. உள்ளே கண்ணாடி என்று கை எங்கே யோசித்தது? சாயங்காலம்தான் சுரீரென்று உறைத்தது. ஓடிப்போய்க் கட்டை அறுத்து, வாலை நீவி, பழையபடியே பரத்தி வைத்தார்.

மறுநாள் அவள் சின்னச் சிவப்பு டார்ச் ஒன்றை ஒரு முனையில் செருகினாள். இழை நன்றாக இருந்தால் மறுமுனையில் மட்டும்தான் சிவப்புப் புள்ளி தெரியும். இதில் நடுவழியில் சிவப்பு கசிந்தது. மறுமுனை இருட்டு. அவள் வாலை முகத்தருகே தூக்கி வெகுநேரம் பார்த்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என் கை நடுக்கத்துல நானே மடிச்சுட்டேன்போல," என்றாள்.

இல்லை, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்று அவள், கூட வேலை பார்க்கும் தடிக் கண்ணாடிக்காரப் பெண் சோடாபுட்டியிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினாள். காதில் விழுந்துவிடக் கூடாதென்று அடுத்த அறையில் மிஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பிசகாத கையை, போகிற நேரத்தில் அவளே சந்தேகப்பட்டுக்கொண்டு போவதா? அந்த நினைப்பே அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது.

நைட்டியைக் கீழே வைத்தார். "இந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தண்ணி."

ஸ்பூனில் இரண்டு வாய் கொடுத்தார். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "அந்த மேசைமேல..."

"முதல்ல அதைத் தைச்சு முடிங்க. குளிருது."

தைத்து முடித்தார். முதுகைத் தாங்கி, ஒவ்வொரு கையாக நுழைத்து மாட்டிவிட்டு, பட்டன் போட்டார். அவள் உடம்பில் கனமே இல்லை.

"சரியா இருக்கா?"

"கச்சிதம்." அவருடைய வலது கையை இழுத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இப்படியே கொஞ்சம் இருங்க."

தூங்கி எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அவள் எழவில்லை. நாலு மணி வெயில் கட்டில் காலைத் தொட்டபோது மூச்சு நின்றிருந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

"நான்தான் சுத்தினேன். உன் கை இல்ல," என்றார். கேட்க ஆளில்லை.

மறுநாள் சாயங்காலம், எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, சோடாபுட்டி மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"புது மாதிரி அண்ணே. காலைலதான் ரெடியாச்சு. அக்காகிட்ட காட்டக் கொடுத்துவைக்கல."

அவருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பழசை ஒடச்சது நான்தாம்மா. அவ கைன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா."

"அக்காவுக்குத் தெரியும் அண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வால்ல ஒரு நீல நூல் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. 'திருடன் தடயத்தை விட்டுட்டுப் போயிட்டான்'னு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, அப்புறம் நீங்க அவங்க மருந்து டப்பாவைக்கூடத் தொடப் பயப்படுவீங்களாம். அதான்."

"திட்டலையா?"

"திட்டினாங்களே, எங்களை. 'இது போய்ச் சேர்ற இடத்துலல்லாம் நம்மள மாதிரி ஆளா இதைத் தொடப்போறான்? ஒழுங்கா இருக்கட்டும்னு நல்ல மனசோட சுருட்டி வைக்கிறவன் ஒருத்தன் எங்கேயும் இருப்பான். அவன் கைக்குத் தாங்கலைன்னா அது என்ன கனெக்டர்?'னு ஒரே சத்தம். வாலுக்கு மெல்லிசா ஒரு உறை போடச் சொன்னாங்க. ஓரளவுக்கு நல்லா வளையும், அதுக்குமேல இறுக்கினா வளையாது. நீங்க ரெண்டு விரல்லதான் சுத்துவீங்களாம். உங்க விரல் தடிமன் எவ்வளவுன்னு அவங்களே அளவு சொன்னாங்க. அந்த அளவுக்குச் சுத்த வரவே கூடாதாம்."

"எப்ப அளந்தா?"

"அளக்கணுமா அண்ணே?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சோடாபுட்டி டப்பாவை மிஷின் பலகைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். உள்ளே வந்து டப்பாவைத் திறந்தார். அதே நகம் அளவு. வால் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அதை எடுத்து, எப்போதும்போல இரண்டு விரலில் வைத்துச் சுற்றினார். பாதிச் சுற்று பணிவாக வந்தது. அதற்குமேல் வர மாட்டேன் என்றது. இறுக்கிப் பார்த்தார். விரலிலிருந்து நழுவி, மிஷின் பலகைமேல் அகலமான ஒரு வட்டமாக விரிந்து கிடந்தது.

மேசையிலிருந்து சிவப்பு டார்ச்சை எடுத்துவந்து ஒரு முனையில் செருகினார். மறுமுனைக்கு எதிரே இரண்டு விரலையும் சேர்த்து நீட்டினார். ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி அவற்றின்மேல் வந்து விழுந்தது.