வடிவுக்கு மீசை முளைத்த வருஷம்

அந்தக் கால் கட்டைவிரல் மேடைப் பலகையில் மெல்ல ஒரு பிறை வரைகிறது, நிற்கிறது, மறுபடி எதிர்ப்பக்கமாக வரைகிறது, எனக்கு அது மட்டும்தான் தெரிகிறது, ஏனென்றால் மேடையின் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் ப்ராம்ப்டர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், தட்டியில் தொங்கவிட்ட தார்ப்பாய் ஒரு முழம் குட்டை, அதனால் எங்கள் சபாவின் நாடகங்களை எல்லாம் நான் கால்களாகத்தான் பார்த்திருக்கிறேன், மடியில் வசன நோட்டு, நோட்டில் என் கையெழுத்து, தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வேட்டியின் கரை, அப்பா வேஷத்துக்குக் கட்டிய வேட்டி, அந்தக் கரைக்குக் கீழே வெட்கப்படுகிற ஒரு பெண்ணின் கால், ஐயோ, அப்பா இப்படி நிற்க மாட்டாரே, அப்பா குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டிய காட்சி அல்லவா இது, ஆவுடையப்பன் அண்ணாச்சி மகள் வடிவாக நிற்கிறார், ஒட்டுமீசையும் தோளில் துண்டுமாக.

எதையும் முதலிலிருந்து வரிசையாக எழுதித்தான் எனக்குப் பழக்கம், பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபடி, அனுப்புநர், பெறுநர், இடம், தேதி, பொருள், ஆனால் இந்த நினைவில் மட்டும் தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, எந்த வருஷம் மழை வந்து ஆர்மோனியத்துக்குக் குடை பிடித்தோம், எந்த வருஷம் மின்சாரம் போய் சைக்கிள்களைச் சுற்றி நிறுத்தி டைனமோ விளக்கில் சண்டைக் காட்சி நடத்தினோம், எல்லாம் ஒரே சாயங்காலமாகக் கலந்து கிடக்கிறது, இடம் மட்டும் நிச்சயம், அம்பாசமுத்திரம், மந்திரமூர்த்தி முதலாளியின் அரிசி ஆலை, அவர்தான் எங்கள் சபாவின் தலைவர், ஆர்மோனியமும் அவரே, நெல் காயப்போடுகிற களம்தான் அரங்கம், தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஆண்டு விழா, ஆண்டு விழா என்றால் எது போட்டாலும் போடாவிட்டாலும் வடிவு கல்யாணம் போட்டாக வேண்டும், எழுதியவர் பத்திரப்பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து மாற்றலாகிப் போய்விட்டார், நாடகம் எங்களோடு தங்கிவிட்டது, தாயில்லாத வடிவை அவள் அப்பா தூரதேசத்து மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார், வடிவு போகமாட்டேன் என்று அழுகிறாள், அப்பா போகத்தான் வேண்டும் என்கிறார், கடைசியில் மாப்பிள்ளையே இந்த ஊருக்கு வந்துவிடச் சம்மதித்து மாலையோடு வருகிறான், அவ்வளவுதான் கதை, களத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் வசனம் மனப்பாடம், எங்களுக்கு முன்னால் அவர்கள் வாய் முணுமுணுக்கும்.

அந்த வடிவுதான் ஆவுடையப்பன் அண்ணாச்சி, கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், பத்தொன்பது வருஷம் அவரே வடிவு, ஊர்ப் பெண்கள் வடிவுக்குச் சூட்ட மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டு வருவார்கள், கண்ணாடி வளையல் கொண்டுவருவார்கள், மணிக்கட்டில் ஏறாத வளையலை அவர் சோப்பு போட்டு ஏற்றிக்கொள்வார், மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் கேட்பார், ஏ வடிவு, எருமை ரெண்டு நாளா தண்ணி குடிக்கல, என்னன்னு பாரு தாயி, அண்ணாச்சியும் ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வடிவின் குரலிலேயே பதில் சொல்வார், பிடிச்சுக்கோங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு, எருமையைத் தவிர எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அந்தக் கடிதம் வந்தது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உலகம்மாள் எழுதியது, ஊருக்கே தெரிந்த குரல், யார் போன் எடுத்தாலும் முதலில் கேட்கிற குரல், ஆறு வயதிலிருந்து களத்து மண்ணில் உட்கார்ந்து வடிவு கல்யாணம் பார்த்து வருகிறேன், என்னை உறுப்பினராகச் சேர்த்து அந்த வேஷத்தைத் தர முடியுமா என்று அழகாகப் பத்தி பிரித்து எழுதியிருந்தாள், ஒரு பெண்ணே கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை, செயலாளர் என்ற முறையில் நான் வாசித்தேன், கமிட்டியில் எல்லோரும் அண்ணாச்சி முகத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள், மந்திரமூர்த்தி முதலாளிதான் தொண்டையைச் செருமினார், வடிவுக்கும் நாப்பத்தஞ்சு ஆகுதுல்லா வே, மூட்டுவலியோட எத்தனை நாளைக்கு வெக்கப்படுவா, அண்ணாச்சியே முதலில் சிரித்தார், சரிதான், புள்ளைக்குக் குடுங்க, நான் அப்பனா நிக்கேன் என்றார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நான் எழுதினேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, என்னைப் பார்க்காமல், பூட்டைப் பார்த்தபடி சொன்னார், இந்த ஒரு வருசம் நிக்கேன் வே, அதோட நான் வரல, யார்ட்டயும் சொல்லாதீரும்.

நான் சொல்லவில்லை, எழுதினேன், வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடுகிற சுபாவம் எனக்கு, உலகம்மாளுக்கு ஓர் இன்லேண்டு லெட்டர், பொருள், ஆவுடையப்பன் அண்ணாச்சி விலகுவது குறித்து, அண்ணாச்சி இல்லாமல் சபா என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை, யோசனை இருந்தால் தெரிவிக்கவும். பதில் வரவில்லை, அவள் தினமும் ஆலைக் குடோனுக்கு ஒத்திகைக்கு வருகிறாள், தவிட்டுத் தூசியில் எல்லோரும் தும்முகிறோம், அவள் அண்ணாச்சியிடம் எப்படி நடக்கணும் என்று கேட்கிறாள், அவர் நடந்து காட்டுகிறார், காட்டிவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறார், நான் நோட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்கிறேன்.

இப்போது மூன்றாம் காட்சி, மந்திரமூர்த்தி முதலாளி ஆர்மோனியத்தில் அந்த நாலு சுரத்தை இழுக்கிறார், பத்தொன்பது வருஷமாக அந்தச் சுரம் கேட்டதும் வடிவு தூணோரம் ஒதுங்கி நிற்பாள், அண்ணாச்சியின் கால்களுக்கு அது மட்டும்தான் தெரியும், வேட்டி கட்டியிருப்பதோ அப்பா முதலில் பேச வேண்டும் என்பதோ தெரியாது, தூணோரம் உலகம்மாளின் கால்கள் ஏற்கெனவே நிற்கின்றன, இந்தக் கால்களும் போய் எதிர்த் தூணோரம் நிற்கின்றன, விரல் பிறை வரைகிறது, பிறகு அந்தக் குரல் வருகிறது, அப்பா, என்னை இந்த வீட்டை விட்டு அனுப்பிராதீங்கப்பா, மீசைக்கு உள்ளிருந்து, சுத்தமான வடிவின் குரல். களத்தில் எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, அண்ணாச்சியின் விரல்கள் சட்டென்று உள்ளே சுருண்டன, செய்தது என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் சபாவில் ஒரு விதி உண்டு, நோட்டு சொன்னால் மேடை சொல்லணும், ஒரு வருஷம் இரண்டு போலீஸ்கார வேஷங்கள் நீ சொல்லு நீ சொல்லு என்று நின்றே காட்சி முடிந்துபோனதால் போட்ட விதி, ப்ராம்ப்டர் எடுத்துக் கொடுத்த வசனத்தை மேடையில் இருக்கிற யாராவது சொல்லியே ஆக வேண்டும், நான் நோட்டில் இருந்ததைச் சொன்னேன், வாக்குக் குடுத்துட்டேன் வடிவு. உலகம்மாளின் கால்கள் தூணை விட்டு விலகின, சேலைக்குள் அகன்று நின்றன, குறுக்கே நடந்தன, திரும்பின, எக்ஸ்சேஞ்சில் அதிகாரிகளுக்கு லைன் கொடுக்கிற கனத்த குரலில் அவள் சொன்னாள், வாக்குக் குடுத்துட்டேன் வடிவு.

களம் சிரித்தது பாருங்கள், ஆலைத் தகரம் அதிர்ந்தது, சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணாச்சி அடுத்த வசனத்தை எடுத்துவிட்டார், அவள் அடுத்ததை எடுத்தாள், சேலை கட்டிய அப்பா அதட்டுகிறாள், மீசை வைத்த வடிவு விசும்புகிறார், எனக்கு வேலையே இல்லை, நோட்டை மூடிவிட்டுக் கேட்கிறேன், கால்கள் நெருங்குகின்றன, விலகுகின்றன, சிரித்த களம் மெல்ல மெல்ல அமைதியாகிறது, இத்தனை நன்றாக அண்ணாச்சி ஒரு வருஷமும் அழுததில்லை, நான் போயிட்டா இந்த வீட்ல விளக்கு யாருப்பா ஏத்துவா என்று கேட்கிறார், இதற்கு அப்பாவின் பதில், போற இடத்துல போய் ஏத்து, நாடகத்திலேயே கடுமையான வசனம், உலகம்மாள் சொல்லவில்லை, நான் நோட்டைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறேன், சொல்லவில்லை, இரண்டாம் தடவை உரக்கக் கொடுக்கிறேன், முன்வரிசைக்கே கேட்டிருக்கும், விதி விதிதானே, அவள் சொல்லவில்லை. பிறகு அப்பாவின் குரலும் இல்லாமல் வடிவின் குரலும் இல்லாமல், தினமும் போனில் கேட்கிற அவள் சொந்தக் குரலில், உங்களை யாரு அண்ணாச்சி போகச் சொன்னா, நான் கேட்டது சேலையத்தான், உங்க இடத்தை இல்ல.

என் கடிதத்துக்குப் பதில், பத்து நாள் கழித்து, களம் நிறைந்த ஜனத்துக்கு நடுவில். வேட்டிக்குக் கீழே அந்தக் கால்கள் அசையவே இல்லை, ஆர்மோனியம்கூட நின்றுவிட்டது, முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் மட்டும், பதில் சொல்லு வடிவு என்றாள், எந்த வடிவைச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும், அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார், அப்ப விளக்கை நீயே ஏத்து தாயி, நான் பக்கத்துல நின்னு எண்ணெய் ஊத்துதேன் என்றார், நோட்டில் இல்லாத வசனம், நான் அவசரமாகப் பென்சில் தேடினேன், கைதட்டலில் பென்சில் எங்கே உருண்டது என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவில் மாப்பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டோம், தபால்காரர் நெல்லையப்பன், அந்தப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் மாலையோடு காத்திருந்தவர், கைதட்டலைத் தன் நுழைவு என்று நினைத்து வந்துவிட்டார், அவர் கால்கள் நடுமேடைக்கு வருகின்றன, உலகம்மாள் பக்கம் இரண்டு அடி வைக்கின்றன, நிற்கின்றன, பத்தொன்பது வருஷம் எந்தக் கழுத்துக்கு மாலை போட்டாரோ அந்தக் கழுத்து இந்தப் பக்கம் அல்லவா நிற்கிறது, கால்கள் திரும்புகின்றன, மறுபடி திரும்புகின்றன, பழகின கழுத்துக்கே போடும் வே என்று களம் கத்துகிறது, பெண்கள் குலவையிடுகிறார்கள், உலகம்மாளின் கால்கள் குதித்துக் குதித்துச் சிரிக்கின்றன, கால்கள் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன், நெல்லையப்பனின் கால்கள் அண்ணாச்சியின் முன்னால் போய் நிற்கின்றன, மாலை விழுகிற சத்தம், உதிர்ந்த சம்பங்கிகள் பலகையில், அண்ணாச்சி என் தட்டியோரமாக நகர்ந்து வருகிறார், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அடுத்த வருசம் எனக்கு இந்த மீசை வேண்டாம் வே, அரிக்குது என்கிறார், சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்றே வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலால், சம்பங்கிகளுக்கு நடுவே, நிதானமாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பிறை இல்லை, முழு வட்டமே வரைகிறார்.